சுட்ட ரொட்டியை ஆற்றுதலும் காத்தலும்

மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாட் காலையில் பழையதாக உண்ணும் வழக்கத்தில் வளர்ந்தவர் நாம். பிழைப்பின் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியமர்ந்த பின்னர், நம் இல்லங்கள் சிலவற்றில் ரொட்டி சுடும் பழக்கமும் புகுந்துவிட்டது. ஆயின், சோற்றைக் காக்கத் தெரிந்த அளவுக்கு ரொட்டியைக் காக்க நாம் அறிந்தோமில்லை. கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் இவ்வூர்களில் அந்த அறிவு மிகவும் வேண்டற்பாலது.

அடுப்பிலிருந்து எடுத்ததும் ரொட்டியின் பக்குவம் முடிந்துவிடுவதில்லை. வேகும்போது நீரை ஏற்றுக் கூழான மாச்சத்து, ஆறும்போதுதான் இறுகி உருப்பெறுகிறது. சூட்டோடு அறுத்தால் உட்பகுதி கத்தியில் பிசினாக ஒட்டும். அச்சிலேயே விட்டுவைத்தால் நீராவி வெளியேற வழியின்றி அடிப்பாகம் நனைந்து நொய்ந்துவிடும். எனவே, சிறிது நேரத்தில் அச்சிலிருந்து எடுத்து, அடியிலும் காற்றுப் புகுமாறு கம்பித் தட்டின்மீதோ, கவிழ்த்த மூங்கிற் கூடையின்மீதோ வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட வேண்டும். முற்றும் ஆறுமுன் மூடி வைப்பது பூசணத்தை அழைப்பதேயாகும்.

மறுநாள் ரொட்டி கெட்டியானால், 'காய்ந்துவிட்டது' என்கிறோம். அச்சொல் முழுதும் பொருந்துவதன்று. நீர் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் கெட்டியாகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பூசங்கோ 1852-இல் காட்டினார். மாச்சத்து மீண்டும் இறுகுவதே காரணம். குளிர்பெட்டியின் தண்மை இவ்விறுக்கத்தை விரைவுபடுத்துகிறது. பூசணத்தை மட்டுமே தாமதப்படுத்துகிறது. உறைபெட்டியோ இரண்டையும் ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. கெட்டியான ரொட்டியைச் சூடாக்கினால் மென்மை ஓரளவு திரும்பும்.

2009-இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு பல நாள் கெடாதிருக்க, ரொட்டி ஏன் கெடுகிறது? லட்டில் நெய்யில் பொரிந்த பூந்தி நீரை இழந்துவிடுகிறது. எஞ்சிய நீரைச் சர்க்கரை தன்னிடம் பிணித்துக்கொள்கிறது. ரொட்டியிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர், நுண்ணுயிர்கள் எளிதில் பயன்கொள்ளுமாறு இருக்கிறது.

உணவை எறிவது பாவம் என்று எண்ணி, பூசணம் கண்ட இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு எஞ்சியதைக் குழந்தைகட்குக் கொடுப்பாருண்டு. அது தவறு. மென்மையான ரொட்டியில் பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கனிந்தழுகிய பழத்தின் மணம் வீசி, பிட்டால் நூல்போல் இழுபட்டால், அடுப்பின் வெப்பத்திலும் மாளாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்துவிட்டன என்று பொருள். இவ்விரண்டையும் முழுமையாக அகற்றுவதே முறை.

ஆகவே, கோடையில் ஒரு நாளைக்கு வேண்டிய அளவைத் தூய துணியில் சுற்றி வெளியே வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் துண்டமிட்டு, காற்றுப் புகாத உறையிலிட்டு, உறைபெட்டியில் வைப்போமாக. அவ்வசதி இல்லாத இல்லத்தார் சிறிய ரொட்டியாகச் சுடுவது நன்று. அளவறிந்து சமைப்பதும் உணவை மதிக்கும் வழியன்றோ?