நாலு பேர் வேலை செய்யும் கடைக்கும் சட்டம் உண்டு

2026 ஜனவரி 1 முதல் இலங்கையின் தனியார் துறையில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. நாட்கூலி என்றால் 1,200 ரூபா. கொழும்பில் நூறு பேரை வைத்திருக்கும் கம்பனிக்கும் இதே கணக்கு. கல்முனைக் கடைத்தெருவில் இரண்டு பிள்ளைகளை வைத்துப் புடைவை விற்பவருக்கும் இதே கணக்கு. இந்தக் கடைசி வரியை எங்கள் பகுதி முதலாளிமார் பலர் இன்னும் நம்பவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் ஊர் பெரியநீலாவணை. மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்கும் இடம், தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் ஊர். தெற்கே போனால் மருதமுனைத் தறிகள், பிறகு பாண்டிருப்பு, அதற்கப்பால் கல்முனைக் கடைகள். அந்தக் கடைகளுக்கும் தறிக் கொட்டில்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். சம்பளப் பட்டியலும் ஈபிஎஃப் படிவமும்தான் என் மாதக் கடைசி. முதலாளியின் கவலையும் என் காதில் விழும். சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் பிள்ளையின் முகமும் என் கண்ணில் படும்.

"புள்ள, நம்மட கடையில நாலு பேர்தானே இரிக்காங்க. இதுக்கெல்லாம் என்னத்துக்கு ஈபிஎஃப்?" புதிதாக ஒரு கடையின் கணக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி இது. கேட்பவர் கெட்டவரல்ல. பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பார், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுப்பார். தொழிற்சட்டம் என்பது ஆடைத் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் உரியது என்று அவர் மனதார நினைக்கிறார். அந்த நினைப்புத்தான் ஒரு நாள் அவரையும் கவிழ்க்கும், அவரிடம் வேலை செய்தவரையும் வெறுங்கையோடு அனுப்பும்.

முதல் ஆளிலிருந்தே தொடங்கும் கடமைகள்

தொழிற்சட்டங்களை நான் இரண்டாகப் பிரித்துச் சொல்வேன். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் பொருந்துபவை ஒரு வகை. பதினைந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பொருந்துபவை இன்னொரு வகை. ஆகக் குறைந்த சம்பளம், ஈபிஎஃப், ஈடிஎஃப், பிரசவ விடுமுறை, வேலைக்குச் சேர்க்கும் வயது, வேலையில் நேரும் விபத்துக்கான நட்டஈடு எல்லாம் முதல் வகை.

ஆகக் குறைந்த சம்பளம் வந்த வழியைப் பாருங்கள். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாகச் சம்பளம் நிர்ணயித்தது. நாடு முழுவதற்கும் ஒரே அடிமட்டம் என்பது 2016இல்தான் சட்டமானது. அப்போது 10,000 ரூபா. 2021இல் 12,500 ஆனது, 2024இல் 17,500 ஆனது. 2025 பெப்ரவரி வரவுசெலவுத்திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தபடி 2025 ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000. முன்பு தனியாகக் கொடுத்துவந்த 3,500 ரூபா வரவுசெலவு நிவாரணப்படியும் இதற்குள் சேர்ந்துவிட்டது.

இனி 30,000 ரூபாவைப் பிரித்துப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈபிஎஃப்புக்கு, ஊழியரின் பங்கு 8 வீதம்: 2,400 ரூபா. கையில் கிடைப்பது 27,600. முதலாளியின் பங்கு 12 வீதம்: 3,600. ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப்புக்கு முதலாளி மட்டும் கட்டுவது 3 வீதம்: 900. ஆக, ஒரு பிள்ளைக்காக முதலாளியின் கையிலிருந்து மாதம் 34,500 ரூபா போகிறது. ஆள் எடுப்பதற்கு முன்பு மனதில் வைக்க வேண்டிய தொகை இதுதான்.

சாப்பாட்டுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல கடைகளில் பகல் சோறு முதலாளி வீட்டிலிருந்து வரும். அதை அன்பளிப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் 1958ஆம் ஆண்டின் ஈபிஎஃப் சட்டத்தில் முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியும் சம்பாத்தியத்தில் சேரும். அந்தப் பெறுமதிக்கும் சேர்த்தே நிதி கட்ட வேண்டும்.

நிரந்தர ஊழியருக்குத்தான் ஈபிஎஃப் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. தற்காலிகமாக வந்தவர், பயிலுநர், கொமிஷனுக்கு விற்பவர், துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். மருதமுனையில் முதலாளியின் கொட்டிலில் உட்கார்ந்து சாரத்துக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்யும் பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. வருடக்கணக்காகத் தறியில் இருந்து இடுப்பு விட்டுப்போன பிறகு, கையில் ஒரு சதமும் இல்லாமல் வீட்டில் முடங்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களின் பெயரில் மாதாமாதம் அந்த நிதி விழுந்திருந்தால் அந்த நிலை வந்திராது.

கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? தாமதத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மிகைக் கட்டணம் ஏறும். சம்பளம் கொடுக்கும்போது கழிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பிறகு ஊழியரிடம் கேட்க முடியாது; 20 வீதமும் முதலாளியின் தலையில். மாதம் 20,000 ரூபா சம்பளத்தில் ஐந்து வருடம் வேலை செய்த ஒருவருக்கு நிலுவை 2,40,000 ரூபா. பழைய மாதங்களுக்கு அதில் பாதி மிகைக் கட்டணம். தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் ஊடாக இதைக் குற்றப்பணம் போல அறவிடலாம். நாலு பேர் கடையை மூடவைக்க இது போதும்.

பிரசவமும் வயதும்

பிரசவ விடுமுறை 84 நாள், சம்பளத்தோடு. 2018 வரை மூன்றாவது பிள்ளைக்குப் பாதி விடுமுறைதான் இருந்தது; அந்த ஆண்டு வந்த திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். பிள்ளை பெறப்போகிறாள் என்பதற்காக ஒருத்தியை வேலையால் நிறுத்த முடியாது. இந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே சுமப்பதால், கலியாணம் கட்டப்போகும் பெண்ணை வேலைக்கு எடுக்கவே சில கடைக்காரர் தயங்குகிறார்கள். அரசும் முதலாளியும் ஊழியரும் சேர்ந்து கட்டும் ஒரு பிரசவக் காப்புறுதி இருந்தால் சின்னக் கடைக்கும் பாரம் குறையும், பெண்களுக்கும் வேலைக் கதவு திறக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது. பள்ளிக்கூடத்தை விட்ட பையனை "சும்மா கடையில நிக்கட்டும்" என்று உம்மா கொண்டுவந்து விட்டாலும், பொறுப்பு முதலாளியுடையது.

விபத்து நட்டஈட்டில் 2022இல் பெரிய மாற்றம் வந்தது. உச்சத் தொகை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமானது. வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதற்குள் வந்தது. விடிய சைக்கிளில் பிரதான வீதியால் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய பாதுகாப்பு.

பதினைந்து பேர் என்ற கோடு

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இன்னும் மூன்று சட்டங்கள் சேர்கின்றன. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் நிறைவாக வேலை செய்து விலகுபவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். 30,000 ரூபா வாங்குபவர் பத்து வருடத்தில் விலகினால் 1,50,000 ரூபா. வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆகக் குறைந்த ஓய்வு வயது 60. ஐம்பத்தைந்து வயதானவரை "போதும், வீட்ட இருங்க" என்று அனுப்பும் காலம் முடிந்துவிட்டது.

பதினான்கு பேரோடு நின்றுகொண்டால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அதற்குக் குறைந்த இடங்களிலும் பணிக்கொடை கொடுக்கும்படி தொழில் நியாய சபை கட்டளையிடலாம்.

ஒரு சீஆர் கொப்பியின் சாட்சி

ஒரு கடை, பெயர் வேண்டாம். ஏழு வருடம் நின்ற பெண்ணிடம் ஒரு மாலை முதலாளி சொன்னார்: "நாளையிலிருந்து வரத் தேவையில்ல." சாமான் குறைகிறது என்ற சந்தேகம். விசாரணை இல்லை, கடிதம் இல்லை. அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். "ராத்தா, நான் எடுக்கல்ல. எனக்குக் காசு வேணாம், பேர் வேணும்" என்றாள். வேலை போய் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சட்டத்தரணி கட்டாயமில்லை என்று சொன்னேன். விண்ணப்பித்தாள்.

வேலையால் நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால் அதற்கான காரணத்தை நிரூபிப்பது அவர் கடமை. அந்தக் கடையில் நியமனக் கடிதம் இல்லை, வரவுப் பதிவேடு இல்லை. இருந்ததெல்லாம் அட்டை கிழிந்த ஒரு சீஆர் கொப்பி. அதில் மாதாமாதம் சம்பளம், "பெருநாள் அட்வான்ஸ் 5,000", "உம்மாட மருந்துக்கு 2,000", பக்கத்தில் அவளுடைய சின்னக் கையெழுத்து. களவுக்கு அதில் ஒரு சாட்சியும் இல்லை. ஏழு வருடம் அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்கு ஒவ்வொரு பக்கமும் சாட்சி. கடைசியில் காசு கொடுத்து இணக்கத்துக்கு வந்தார்கள், நல்ல சேவைக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி மறுநாளே என்னைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் எழுதச் சொன்னார்.

அந்தக் கடிதம் புதிய கட்டாயமல்ல. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அதை அன்றே கேட்டது. நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி வேலை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் லீவு. வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடும் இரண்டு மணித்தியாலத்தை வாராந்த லீவுக் கணக்கில் எழுத முடியாது. நோன்பு மாதத்தில் இராப் பன்னிரண்டு வரை கடை திறந்திருப்பது வழக்கம். ஆனால் மேலதிக நேரம் கிழமைக்கு 12 மணியைத் தாண்டக்கூடாது என்று சட்டம் எல்லை போட்டிருக்கிறது.

முதலாளிமாரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. 2022 நெருக்கடிக்குப் பின் வாடகை, மின்சாரக் கட்டணம், சரக்கு விலை எல்லாம் ஏறின. வியாபாரம் அந்த அளவுக்கு ஏறவில்லை. சட்டங்களும் சிதறிக் கிடக்கின்றன. பலவற்றைத் திரட்டி ஒரே தொழிற்சட்டமாக்கும் முயற்சி 2023இல் எடுக்கப்பட்டது. ஊழியர் உரிமை குறையும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. உரிமையைக் குறைக்காமல், கடைக்காரர் வாசித்து விளங்கும் தமிழில் இந்தக் கடமைகளை ஒரே சிறு கையேடாகத் தர அரசால் முடியும். அதை வர்த்தக சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை முதலாளிமாருக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள், வரவுப் பதிவேடு வையுங்கள், சம்பளச் சிட்டை கொடுங்கள், ஈபிஎஃப்பையும் ஈடிஎஃப்பையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டுங்கள். இந்த நாலும் உங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பாதுகாப்பு. கடையில் நிற்கும் தம்பி, தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை: அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரில் நிதி விழுகிறதா என்று கேளுங்கள். அது உங்கள் சொந்தக் காசு.