குளத்து நீரின் வெப்பமும் மீன்குஞ்சுகளின் வளர்ச்சியும்

ஊராட்சிக் குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனக் குஞ்சுகளை விட்டு வளர்ப்பதை நாம் அறிவோம். குஞ்சுகள் பிழைத்தால் ஊருக்கு வருவாய். மடிந்தால் இட்ட முதல் வீண். இதனை முடிவு செய்யும் காரணங்களுள் ஒன்று நீரின் வெப்பநிலை. அதனை இங்கு விளக்க விழைகிறோம்.

மனிதரும் மாடும் தம் உடல் வெப்பத்தை எப்பருவத்திலும் ஒரே நிலையில் காத்துக்கொள்வர். மீனுக்கு அவ்வாற்றல் இல்லை. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிரும், செரிமானம் மந்தமாகும், இரை எடுப்பது குறையும். நீரின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் உடலினுள் நிகழும் செயல்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். கெண்டைக் குஞ்சுகள் 25 முதல் 32 டிகிரி வரையுள்ள நீரில் செழித்து வளரும்.

வெப்பம் மேலும் ஏறினால் வளர்ச்சியும் ஏறுமோ எனில், ஏறாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே நிற்கும். மீனின் தேவை மிகும்போது நீரின் இருப்பு குறைகிறது. சிறு குஞ்சுகளோ, தம் எடைக்கு ஒப்ப, பெரிய மீன்களைவிட மிகுதியாகப் பிராணவாயுவை நுகர்வன. ஆகவே கோடையில் முதலில் துன்புறுபவை அவையே.

இதனின்று நாம் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில உள. குஞ்சுகளைக் காலையிலோ மாலையிலோ விடுக, நண்பகலில் விடற்க. குஞ்சுகள் வந்த பையைத் திறவாமல் கால்மணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் ஒத்தபின் திறந்து விடுக. கோடையில் நீர் வற்றுமுன் குளத்தின் ஒரு பகுதியையேனும் ஆழப்படுத்தி வைத்தால், வெயில் நேரத்தில் மீன்கள் அடிநீரில் ஒதுங்கும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் உண்ணும் அளவே இடுக. எஞ்சியது அழுகிப் பிராணவாயுவைக் குடித்துவிடும். விடியற்காலையில் குஞ்சுகள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்தால், அன்று இரையை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுக.

வெப்பமானி ஒன்றின் விலை சிறிது. அதனை ஊராட்சி வாங்கி, காலையும் பிற்பகலும் நீரை அளந்து குறித்து வருமாயின், குஞ்சுகளின் இழப்பைப் பெரிதும் குறைக்கலாம்.