திருச்சி வெயிலுக்குத் தோதான சாக்லேட்

ஒரு மே மாதம், தில்லைநகரில் இருக்கும் தோழியின் பிறந்தநாளுக்காக வீட்டிலேயே சாக்லேட் செய்து, ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி டப்பாவைத் திறந்தால், இருபது சாக்லேட்டும் ஒன்றாகியிருந்தது. பூ, இதயம், நட்சத்திரம் எல்லாம் போய் வெறும் பழுப்புக் குழம்பு! ஸ்பூன் போட்டு வழித்துச் சாப்பிட்டோம் என்பது வேறு விஷயம்.

கைப்பக்குவத்தில் குறை இல்லை. சாக்லேட்டின் உயிரே கோகோ வெண்ணெய்தான். அது 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். நம் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. திருச்சியிலோ அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40-ஐத் தாண்டும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு உருக்கி, 28-க்கு ஆறவிட்டு, மறுபடி 31-க்குக் கொண்டுவருவதை டெம்பரிங் என்கிறார்கள். ராத்திரியிலும் 30-க்குக் கீழே இறங்காத அடுக்களையில் அது நடக்கிற காரியமா? ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் பிரபலமானதற்கு அந்த ஊர்க் குளிரும் ஒரு காரணம்.

அதனால்தான் நம்மில் பலர் வாங்குவது காம்பவுண்ட். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெய் போன்றவை இருக்கும். டெம்பரிங் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படித்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

நல்ல சாக்லேட்டின் விலைதான் கையைக் கடிக்கிறது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் சரிந்ததில், 2024 டிசம்பரில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் கோகோ நமக்குப் புதுசு இல்லை. 1798-லேயே குற்றாலத்தில் நட்டுப் பார்த்த பயிர். இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது.

என் முடிவு இதுதான். வெயில் ஊரில் தோழிகளுக்குக் கொடுக்க அச்சில் ஊற்றும் சாக்லேட் வேண்டாம், பிரவுனி செய்யுங்கள். நல்ல சாக்லேட் 100 கிராம் வாங்கினால் பதினாறு பேருக்குக் கொடுக்கலாம். மாவோடு சேர்ந்து வெந்துவிடுவதால் பஸ்ஸில் போனாலும் ஓடாது.

ஆனால் இதிலும் ஒரு முறை சறுக்கினேன். முட்டை போட்ட பிரவுனியை எதிர்வீட்டு மாமியிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். பேத்தி பாதி சாப்பிட்ட பிறகுதான், "ஏம்மா, இதுல முட்டை உண்டோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டப்பா மறுநாள் கழுவித் துடைத்து, காலியாகத் திரும்பி வந்தது. கடையில் விற்கும் பாக்கெட்டில் முட்டை இருந்தால் அசைவக் குறி போட்டாக வேண்டும். வீட்டு டப்பாவுக்கு நம் வாய்தான் குறி. முந்திரி, வேர்க்கடலை சேர்த்தாலும் சொல்லிவிடுங்கள். சில குழந்தைகளுக்கு அலர்ஜி உண்டு.

முட்டை இல்லாத பிரவுனிக்கு நான் போடும் கணக்கு: டார்க் சாக்லேட் 100 கிராம், வெண்ணெய் 100 கிராம் இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். சர்க்கரை 150 கிராம், புளிக்காத தயிர் 100 கிராம் சேர்த்து அடித்து, ஒரு ஸ்பூன் காபி டிகாக்‌ஷன் விடுங்கள். காபி வாசனை வராது, சாக்லேட் மணம்தான் தூக்கும். மைதா 100 கிராம், கோகோ பவுடர் 25 கிராம், பேக்கிங் பவுடர் அரை ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைச் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரை மட்டும் கலக்குங்கள். நிறையக் கலக்கினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஏழு அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். குச்சியைக் குத்தினால் ஈரத்துகள் கொஞ்சம் ஒட்ட வேண்டும், அதுதான் பதம். சூட்டோடு வெட்டாதீர்கள், உதிரும். நன்றாக ஆறியதும் பதினாறு துண்டு போடுங்கள்.

அடுத்த முறை இதைத்தான் மாமி வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசலிலேயே, "முட்டை இல்லை மாமி, தயிர்தான்" என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் டப்பா திரும்பி வந்தது, உள்ளே எட்டு கைமுறுக்கு.