மரத்துக்குள் நிற்கும் மரம்

இளம் மரம் ஒன்றில் நெஞ்சு உயரத்தில் ஓர் ஆணி அடித்து வைத்தால், ஐம்பது ஆண்டு கழித்தும் அது நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். மரம் வானளாவ வளர்ந்திருக்கலாம். ஆணி ஒரு விரற்கடைகூட மேலே ஏறியிருக்காது. மரம் நீள்வது நுனிகளில் மட்டும்தான். மற்ற இடங்களில் பருமன்தான் கூடும். பட்டைக்கு உட்புறம் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு சுற்று மரத்தை உண்டாக்கிப் பழையதன் மேல் போர்த்திவிடுகிறது. உள்ளே போன பழைய சுற்று அழிவதும் இல்லை, உருமாறுவதும் இல்லை. ஐந்து வயதில் அந்த மரம் எப்படி நின்றதோ அப்படியே, அதே வளைவோடும் அதே கிளைகளோடும், நூறு வயது மரத்தின் நடுவில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

தாவரவியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த செய்தி. அதை உலகம் கண்ணால் காணும்படி செய்தவர், இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே பெனோனே.

அவர் 1947-இல் பிறந்தார். ஊர் கரேஸ்ஸியோ, இத்தாலியின் வடமேற்கே, பியெமோந்தே மாநிலத்தில், கடலோர ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. காடும் ஓடையும் வயலும் சூழ வளர்ந்தவர். தூரின் நகரின் நுண்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1968-இல், ஊர்க் காட்டுக்குத் திரும்பிச் சென்று ஒரு காரியம் செய்தார். இளம் மரம் ஒன்றின் தண்டைக் கையால் இறுகப் பற்றினார். பற்றிய அந்தக் கையை உலோகத்தில் வார்த்து, அதே இடத்தில் பொருத்திவிட்டு வந்துவிட்டார். அந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் மரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதையே அந்த வேலைக்குப் பெயராக வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆண்டுகள் செல்லச் செல்லத் தண்டு பருத்து, உலோக விரல்களைச் சுற்றிப் புடைத்து, மெல்ல மெல்லக் கையைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. கை மேலே ஏறவும் இல்லை, மரம் வளர்ச்சியை நிறுத்தவும் இல்லை. ஒரு முறை பற்றிவிட்டு மனிதன் போய்விட்டான். பிறகு நடந்த சிற்ப வேலை முழுவதும் மரம் செய்தது.

மரத்துக்கு அது காயம் அல்லவா என்று கேட்கத் தோன்றும். காயம்தான். ஆனால் மரம் காயத்தை ஏற்கும் விதமே தனி. நம் தோல் போல, பட்ட இடத்தைப் பழையபடி ஆக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. பட்ட இடத்தைச் சுற்றிலும் புதுத் திசு வளர்த்து, ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்து, கடைசியில் அதை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. வெளியே வழவழப்பாக இருக்கும் முதிர்ந்த தண்டுக்குள், இளமையில் ஒடிந்த கிளைகளின் அடிகளெல்லாம் இப்படித்தான் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன.

1969-இல் பெனோனே ஒரு மர உத்தரத்தை எடுத்தார். ரம்பத்தில் நான்கு பக்கமும் அறுத்து, சதுரமாக்கி, வீடு கட்ட அனுப்பும் சாதாரண உத்தரம். யார் பார்த்தாலும் அது ஒரு சரக்கு. அதற்குள் ஒரு மரம் இருக்கிறது என்று அவர் தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரோடு வந்திருக்கிறது. உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் இன்று அந்த வரிசை மரங்கள் நிற்கின்றன. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள 12 மீட்டர் மரம் 1980 முதல் 1982 வரையிலான காலத்தில் அமெரிக்க லார்ச் மரத்தில் செதுக்கியது.

செதுக்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதிசயம் அங்கேதான் இருக்கிறது. உத்தரத்தின் வெட்டு முகத்தில் வளையங்கள் தெரியும். ஆல்ப்ஸ் போன்ற குளிர்ப் பகுதியில் அவை மிகத் தெளிவு: வசந்தத்தில் வேகமாக வளர்ந்த மரம் வெளிர் நிறத்தில் மென்மையாக இருக்கும், கோடை முடிவில் மெதுவாக வளர்ந்தது கருத்து இறுகியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஓர் ஆண்டு. சிற்பி அவற்றில் ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த மரத்தையெல்லாம் உளியால் களைந்துகொண்டே போகிறார். மென்மையான அடுக்கு எளிதில் வரும், கடினமான அடுக்கு கையைத் தடுக்கும். எந்த ஆண்டின் மேல் உளி ஓடுகிறது என்பதை அந்தத் தடையே சொல்லும். முன்கூட்டி வரைந்த உருவம் எதுவும் கிடையாது.

வழி காட்டுபவை கணுக்கள். தச்சர்கள் பலகையில் கணுவைக் குறையாகத்தான் பார்ப்பார்கள். இழைப்புளி அங்கே சிக்கும், விலையும் குறையும். ஆனால் ஒவ்வொரு கணுவும் ஒரு கிளையின் அடி. ஒவ்வொரு கணுவும் மரத்தின் நடு அச்சை நோக்கித்தான் போகும். கணுவைச் சுற்றி உளி இறங்க இறங்க, பலகையில் வெறும் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது நீண்டு, உருண்டு, மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு சின்னக் கிளையாக வெளியே வருகிறது. எந்தப் பக்கம் வெளிச்சம் கிடைத்ததோ அந்தப் பக்கம் கிளை பருத்திருக்கும். எந்தப் பக்கம் வேறு மரம் மறைத்ததோ அந்தப் பக்கம் மெலிந்திருக்கும். யாருமே பார்த்திராத ஒரு வெயில் நாளின் சாய்வுகூட உள்ளே அப்படியே காத்து வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு கவனமாகக் காத்தவன் யார் என்று நினைக்கும்போது எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

பெனோனேயிடம் நான் மிகவும் மதிப்பது, அவர் உத்தரம் முழுவதையும் செதுக்கிவிடுவதில்லை என்பது. அடியில் ஒரு பகுதியை ரம்பம் அறுத்தபடியே சதுரமாக விட்டுவிடுகிறார். மனிதன் மரத்துக்குச் செய்ததும், மரம் தானாக இருந்ததும் ஒரே துண்டில் நிற்கின்றன.

1999 டிசம்பர் இறுதியில் வீசிய புயலில் பிரான்சின் வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் ஒரு பெரிய தேவதாரு பெனோனேவுக்குக் கிடைத்தது. இம்முறை அவர் தண்டு முழுவதையும் களையவில்லை. பக்கவாட்டில் ஒரு வாசல் போலக் குடைந்து, உள்ளே அந்த மரத்தின் இளமை உருவத்தைச் செதுக்கி நிறுத்தினார். பட்டையும் முதுமையும் வெளியே. மெலிந்து நேராக நிற்கும் கன்று உள்ளே. 2003-இல் முடிந்த அந்தத் தேவதாரு இப்போது கனடாவில், டொரொண்டோவின் ஒண்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. 2013-இல் வெர்சாய்ப் பூங்காவிலேயே அவருடைய சிற்பங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது.

அவரை விமர்சகர்கள் ‘ஆர்த்தே போவெரா’, அதாவது ‘ஏழைக் கலை’, என்ற இயக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். மண், கந்தல், நிலக்கரி போன்ற எளிய பொருள்களைக் கலைக்குள் கொண்டுவந்த இத்தாலியக் கலைஞர்களுக்கு 1967-இல் ஜெர்மானோ செலாந்த் என்ற விமர்சகர் இட்ட பெயர் அது. பெயர் சரியாக இருக்கலாம். ஆனால் பெனோனே கையில் எடுக்கும் எதையும் ஏழ்மையான பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகழ் அவரைத் தேடி வந்தது: 2007-இல் வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவின் இத்தாலிய அரங்கு, 2014-இல் ஜப்பானின் பிரேமியம் இம்பீரியாலே விருது, 2017-இல் அபுதாபியின் லூவர் அருங்காட்சியகத்தில் கிளைகளுக்கிடையே கண்ணாடிகள் பதித்த ஒரு வெண்கல மரம். பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராகவும் இருந்தார்.

மரத்தோடு அவர் நிற்கவில்லை. 1981-இல் ஆற்றில் உருண்டு வந்த ஒரு கல்லை எடுத்தார். அது எந்த மலையிலிருந்து வந்ததோ அங்கே ஏறிப்போய், அதே இனப் பாறையில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, ஆறு செய்த அந்தக் கல்லின் வடிவத்தை அப்படியே செதுக்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது நதியின் வேலை, எது மனிதனின் வேலை என்று தெரியாது. ஆறு நெடுங்காலம் எடுத்துக்கொண்ட உருட்டலை, மழுக்கலை, தட்டலை ஒரு மனிதக் கை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறது. ஜெர்மனியின் காஸல் நகரப் பூங்காவில், உயர்ந்த வெண்கல மரம் ஒன்றின் கிளைகளுக்கிடையே பெரிய ஆற்றுக்கல் ஒன்றை ஏற்றி வைத்தார். 2012-இல் அங்கே நடந்த டாக்குமென்டா கலைவிழாவில் அந்தச் சிற்பமும் இடம்பெற்றது. கல்லைக் கீழே இழுப்பது மண்ணின் ஈர்ப்பு. மரத்தை மேலே இழுப்பது வெளிச்சம். இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டுகிறது அது.

வயது எழுபதை நெருங்கும்போது அவர் தன் பழைய தேடலையே திருப்பிப் போட்டார். 30 மீட்டர் நீளமுள்ள ஃபிர் மரம் ஒன்றை நெடுக்காகத் திறந்து, ஒரு வளையத்தைத் தேர்ந்தார். இம்முறை அந்த வளையத்துக்கு வெளியே உள்ளதை விட்டுவிட்டு, உள்ளே உள்ளதைக் குடைந்து எடுத்தார். 2017-இல் ரோமில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. இளமரம் இருந்த இடம் 30 மீட்டருக்கு ஓர் அச்சுக்குழியாகக் கிடக்கிறது. அதன் ஒரு பகுதியில் மட்டும் வெண்கல வார்ப்பு இருக்கிறது. குழியின் சுவரில் வட்ட வட்டமாகக் கணுக்கள் தெரிகின்றன. அந்த ஆண்டில் எத்தனை கிளைகள் வெளிச்சம் தேடி நீண்டிருந்தன என்பதை அவற்றை எண்ணியே சொல்லிவிடலாம்.