பிரேக்கைக் காக்கும் ரப்பர் வளையம்

கரடுமுரடான மலைப்பாதையில் இறங்கும் வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். ஓட்டுநர் அதை ஒரே காலால் மிதித்து நிறுத்திவிடுகிறார். இது எப்படி முடிகிறது?

விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. பெடலால் இயங்கும் தலைமைச் சிலிண்டரின் பரப்பு 4 ச.செ.மீ., சக்கரத்தருகே உள்ள பிஸ்டனின் பரப்பு 12 ச.செ.மீ. என்று கொள்வோம். முதலாவதில் 1000 நியூட்டன் விசை தந்தால், இரண்டாவதில் 3000 நியூட்டன் கிடைக்கும். இவ்விசை, சக்கரத்துடன் சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பட்டைகளால் இறுக்குகிறது. பிஸ்டன்களைத் தாங்கித் தட்டைக் கவ்வி நிற்கும் கூட்டுக்குக் காலிப்பர் என்று பெயர்.

1970-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் தட்டு பிரேக்குகள் இருந்தன. முன்சக்கரக் காலிப்பர் ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன்கள். அந்தப் பழைய வண்டிகளைப் பேணுவோர் சிலர் காலிப்பரை வீட்டிலேயே புதுப்பிக்கிறார்கள்.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? ஸ்பிரிங் எதுவும் இல்லை! சிலிண்டர்ச் சுவரின் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் பிஸ்டனை இறுகப் பற்றியிருக்கிறது. பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் சற்று வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்து, பிஸ்டனை மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு பின்னுக்கு இழுக்கிறது. நீர்மம் கசியாமல் தடுப்பதும் இதே வளையம்தான்.

சேறும் நீரும் புகுந்து பிஸ்டன் துருப்பிடித்தால்? வளையத்தால் அதை இழுக்க முடியாது. பட்டை ஓயாமல் உரசும், வெப்பம் ஏறும். பிரேக் நீர்மமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை நீர்மத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205° செ.; ஈரம் ஏறியபின் 140° செ. அளவுக்கு இறங்கிவிடக்கூடும். நீர்மம் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி எளிதில் அமுங்கும். ஆகவே பெடல் தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது.

புதுப்பிக்கும் முறையைப் பார்ப்போம். காலிப்பரைக் கழற்றி, பிஸ்டன்களுக்கு எதிரே மரக்கட்டை வைத்து, குறைந்த அழுத்தக் காற்றால் அவற்றை வெளியே தள்ளுவார்கள். அப்போது விரலை இடையில் வைப்பது பேராபத்து. வளையம் உரசுவது பிஸ்டனின் மேற்பரப்பில்; எனவே குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்துச் சரிசெய்ய இயலாது, மாற்றவே வேண்டும். வளையம் அமரும் பள்ளத்தில் துரு துளியும் இருக்கக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் ரப்பரை உப்பச் செய்யும். ஸ்பிரிட்டால் கழுவுவதே முறை. புது வளையத்தில் புது பிரேக் நீர்மம் தடவி, பிஸ்டனைக் கோணாமல் கையால் அழுத்திப் பொருத்துவார்கள்.

இறுதியில் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் காலிப்பரின் சிறு திருகைத் தளர்த்துவார். பெடல் மேலே வருமுன் அதை மூடிவிடுவார். குமிழி வருவது நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். காற்றுக் குமிழியும் ஆவியைப் போல் அமுங்கும் அல்லவா?

மாணவர்களே, இது நீங்கள் தனியே செய்யத்தக்க வேலையன்று. தேர்ந்த மெக்கானிக் செய்யும்போது அருகிலிருந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அவர் வண்டியை உடனே சாலைக்குக் கொண்டுபோக மாட்டார். முதலில் நின்றபடியே பெடலை மிதித்துப் பார்ப்பார். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.