கடலூருக்கு நேர் கிழக்கே ஒரு கரை
கடல் சூழ்ந்த நகரில் தமிழர் வாழ்வும் தண்ணீர்க் கணக்கும்

கடலூர் கடற்கரையிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது வங்காள விரிகுடாவைக் கடந்து அந்தமானின் தலைநகருக்கு வெகு அருகில் போய்த் தொடும். கடலூரும் அந்நகரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் உள்ளவை. அதே வெயில், அதே உப்புக் காற்று, அதே தென்னை. அபர்டீன் பஜாரில் இறங்கி நடந்தால் காதில் விழும் தமிழும் அதேதான்.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அந்நகருக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப்பெயர் சூட்டியது. ஒரு காலத்தில் சோழர் கடற்படைக்குத் தளமாக விளங்கிய தீவுகள் இவை என்று அப்போது மத்திய உள்துறை அமைச்சர் குறிப்பிட்டார். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபார் தீவுகளே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அம்மன்னனின் கப்பற்படை 1025-ம் ஆண்டு வாக்கில் சென்று தாக்கிய நாட்டின் பெயர் ஸ்ரீவிஜயம். அந்தப் பெயரே இன்று நகரின் பெயராகி இருக்கிறது. ஆனாலும் பழக்கம் எளிதில் போகுமா? ஊரார் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

நகரின் பகுதிகளுக்கு உள்ள பெயர்களே ஒரு சரித்திரம். அபர்டீன், பீனிக்ஸ் பே, ஹட்டோ, டெய்ரி பார்ம், ஸ்கூல் லைன், குட்வில் எஸ்டேட் என்று ஆங்கிலப் பெயர்கள் ஒருபுறம். ஜங்லிகாட், ஷாதிப்பூர் என்று இந்திப் பெயர்கள் மறுபுறம். குட்வில் என்றால் நல்லெண்ணம். வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு, ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் வீட்டிலிருந்து பலகாரம் போகும் இந்த ஊர் முழுவதற்குமே அந்தப் பெயரை வைத்திருக்கலாம் என்று தோன்றும்.

கண்டு மகிழ வேண்டிய இடங்கள்

அந்தமானுக்கு வருவோர் முதலில் காணச் செல்வது செல்லுலார் சிறையைத்தான். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட இச்சிறையில், நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு வரிசைக் கட்டடங்கள் இருந்தன. இப்போது எஞ்சியிருப்பவை மூன்று. ஏறக்குறைய 700 தனி அறைகள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாதபடி அமைத்த அந்த அறைகளில் எத்தனையோ தேசபக்தர்களின் இளமை கழிந்தது. 1979 பிப்ரவரி 11-ந் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாய் இதை தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். இடிக்கப்பட்ட பகுதியில் இன்று அரசு மருத்துவமனை இயங்குகிறது. வதைக்கூடமாக இருந்த மண்ணில் நோய் தீர்க்கும் இடம் எழுந்திருப்பது பொருத்தந்தான்.

சிறையிலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் கடலோரப் பூங்கா. மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கே கூடுகிறார்கள். ஊரில் மாலை சீக்கிரமே வந்துவிடும். கடிகாரம் இந்திய நேரத்தைக் காட்டினாலும் சூரியன் அதற்குக் கட்டுப்படுவதில்லை. நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது. சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்னதாக விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. விடியலும் அப்படியே.

எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிவது பழைய ராஸ் தீவு. 2018-ல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. ஆங்கிலேயர் காலத்துத் தலைமையிடமாக விளங்கிய அங்கே தேவாலயமும் மாளிகைகளும் இன்று ஆலமர வேர்களின் பிடியில் இடிந்து நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் 1945 வரை இத்தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தன. 1943 டிசம்பர் 30-ந் தேதி நேதாஜி இந்நகரில் தேசியக் கொடியை ஏற்றினார்.

தெற்கே ஆறேழு கிலோ மீட்டர் தூரத்தில் கார்பின்ஸ் கோவ் கடற்கரை. வளைந்த கரை, வரிசையாகத் தென்னை, அருகே விருந்தினர் விடுதிகள். போகும் வழியில் ஜப்பானியர் கட்டிய பதுங்கு குழிகளைப் பார்க்கலாம். ஊரின் வசதி படைத்த முகம் இந்தப் பகுதியில்தான் தெரியும். வடக்கே பாலத்தைக் கடந்தால் சாத்தம் தீவு. 1883-ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை அங்கே உள்ளது. மானிடவியல் காட்சியகத்துக்குச் சென்றால், இக்கரைகளுக்கு உண்மையிலேயே சொந்தக்காரர்களான ஆதிகுடிகளின் வாழ்க்கையை அறியலாம். 1859-ல் அபர்டீனில் அவர்கள் வில்லும் அம்புமாக ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார்கள். அந்த நினைவுக்கு ஒரு தூண் மட்டுமே இன்று சாட்சி.

தமிழர் வந்த கதை

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 சதவிகிதம். அதாவது ஆறு பேரில் அல்லது ஏழு பேரில் ஒருவர் தமிழர். வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த இடம் தமிழருக்கே.

ஒரே காலத்தில் ஒரே கப்பலில் வந்தவர்கள் அல்லர் இவர்கள். கைதிகளாகச் சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் உண்டு. நாடு விடுதலை அடைந்த பின்னர் துறைமுகம், காட்டு இலாகா, பொதுப்பணி, சாலை வேலை என்று பிழைப்புத் தேடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். கூலியாக வந்து கடை வைத்தவர்கள், கடை வைத்து வீடு கட்டியவர்கள், அரசுப் பணிக்கு வந்து ஓய்வு பெற்றும் திரும்பாதவர்கள் என்று பலர். 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களில் சில, நிக்கோபாரைச் சேர்ந்த கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன.

கோயில், பள்ளி, வானொலி

தமிழன் போன இடத்தில் முருகனும் போகாமல் இருப்பதில்லை. நகரின் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் வந்துவிட்டால் ஊரே திரண்டுவிடும். காவடி எடுப்போர், பால்குடம் சுமப்போர், அலகு குத்துவோர் என்று நீண்டு வரும் ஊர்வலத்தைக் காண வேற்று மொழியாரும் சாலையோரம் நிற்பார்கள். துர்க்கா பூஜைக்குத் தமிழர் போவதும், உத்திரத்துக்கு வங்காளியர் வருவதும் இங்கே அதிசயமில்லை.

அந்தமான் தமிழர் சங்கம் பொங்கல் விழாவும் கலை நிகழ்ச்சிகளும் நடத்தித் தமிழரை ஒன்றுசேர்க்கிறது. 1963-ல் தொடங்கிய வானொலி நிலையம் தமிழ் நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பி வந்திருக்கிறது. பள்ளியில் தமிழ் படிக்க வசதி உண்டு. ஆனால், பாடத்திட்டம் மத்தியக் கல்வி வாரியத்துடையது. தெருவில் விளையாடும் மொழி இந்தி. வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, வேலைக்கு ஆங்கிலம் என்று மூன்றையும் சரளமாகப் பேசும் பிள்ளைகளில், தமிழை எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்ற கவலை பெரியவர்களுக்கு இருக்கிறது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த கவலைதான் இது.

கப்பலை நம்பிய சமையல் கட்டு

சென்னையிலிருந்து இந்நகருக்குக் கடல் வழியாக ஏறக்குறைய 1,190 கிலோ மீட்டர். கப்பலில் சுமார் 60 மணி நேரப் பயணம். நன்கௌரி, சுவராஜ் தீப் என்ற கப்பல் பெயர்களை அறியாத தீவுத் தமிழர் இருக்க மாட்டார்கள். கல்யாணப் பெண்ணும் கப்பலில் வந்தாள். சீர்வரிசைப் பாத்திரமும் கப்பலில் வந்தது. விமானம் பெருகிவிட்ட இந்நாளிலும், மூட்டை முடிச்சோடு ஊருக்குப் போய்வரும் எளிய குடும்பங்களுக்குக் கப்பலே கதி.

தீவில் தேங்காய்க்கும் பாக்குக்கும் வாழைக்கும் மீனுக்கும் குறைவில்லை. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று மற்றவை பெரும்பாலும் கடல் கடந்துதான் வர வேண்டும். புயல் சின்னம் உருவாகிக் கப்பல் நான்கு நாள் தாமதமானால், அபர்டீன் பஜாரில் தக்காளி விலை அதைச் சொல்லிவிடும். சிமெண்டும் கப்பலில்தான். மின்சாரத்துக்கு எரிக்கும் டீசலும் கப்பலில்தான். இந்த நிலையைச் சற்றே மாற்ற, கடலூர் மாவட்டத்து நெய்வேலி நிறுவனமே இங்கு வந்து 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது.

சென்னையிலிருந்து கடலுக்கு அடியில் பதிக்கப்பட்ட தகவல் தொடர்புக் கம்பி 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோ மீட்டர். கப்பல் வந்தால்தான் கடிதம் என்றிருந்த வீடுகளில் இன்று பேரப்பிள்ளை முகத்தைத் திரையில் பார்த்துப் பேச முடிகிறது. ஆனால், குடிக்கும் தண்ணீரைக் கம்பி வழியே அனுப்ப முடியாது.

மூவாயிரம் மில்லி மீட்டர் மழையும் வறண்ட குழாயும்

இங்குதான் இந்த அழகிய கரையின் பெரிய சங்கடம் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்வதைப் போல இரு மடங்கு. தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. இருந்தும் கோடையில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது நல்ல காலம். மழை தவறிய ஆண்டுகளில் இடைவெளி இன்னும் நீளும்.

காரணம் நில அமைப்பு. செங்குத்தான சிறு குன்றுகள். கடல் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. பெய்த மழை சில மணி நேரத்தில் ஓடைகளில் இறங்கிக் கடலில் கலந்துவிடுகிறது. தேக்கி வைக்கப் பெரிய ஆறு இல்லை. நிலத்தடியிலும் அதிகம் தங்குவதில்லை. நகருக்கு முக்கிய ஆதாரம் 1973-ல் கட்டப்பட்ட தனிக்காரி அணை. அன்றைய சிற்றூருக்குப் போதுமென்று கட்டிய அணை அது. 2011-ல் நகராட்சி எல்லைக்குள் மட்டும் வசித்தவர்கள் 1,08,058 பேர்.

இந்தச் சங்கடம் புதிதும் அல்ல. 1858 மார்ச்சில் இருநூறு கைதிகளோடு வந்திறங்கிய டாக்டர் வாக்கர் முதலில் முகாமிட்டது சாத்தம் தீவில். அங்கே நல்ல தண்ணீர் போதவில்லை. அதனால் தலைமையிடம் ராஸ் தீவுக்குப் போயிற்று. ஆக, இந்த ஊரின் முதல் இடமாற்றமே தண்ணீருக்காக நடந்ததுதான்.

தகரக் கூரை வீடுகளில் ஓரமாகத் தகரக் குழாயைப் பொருத்தி, மழை நீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது தீவுக் குடும்பங்களின் பழக்கம். வாசலில் கோலம் போடும் அளவுக்குத் தண்ணீர் தெளிப்பதா, அல்லது அந்தக் குடத்தைச் சமையலுக்கு வைப்பதா என்று மாசி, பங்குனியில் யோசிக்காத இல்லத்தரசி குறைவு.

சுற்றுலாக் காலமும் வறட்சிக் காலமும் ஒன்றே

சுற்றுலாப் பயணிகளுக்கு உகந்த காலம் எது என்று கேட்டால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்பார்கள். கடல் அமைதியாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும், மழைத் தொல்லை இராது. மழைத் தொல்லை இல்லாத அந்த மாதங்கள்தான் அணையில் நீர் இறங்கும் மாதங்களும்கூட. 2019-ல் இத்தீவுகளுக்கு வந்த பயணிகள் சுமார் ஐந்து லட்சம். குடியிருப்போரைவிட விருந்தினர் அதிகம்! 2023 ஜூலையில் சிப்பி வடிவில் புதிய விமான நிலையக் கட்டடமும் திறக்கப்பட்டு விட்டது. விருந்தினர் இனி பெருகுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள்.

அவர்களால்தான் டாக்சி ஓட்டுபவருக்கும் ஓட்டல் ஊழியருக்கும் சங்குப் பொருள் விற்கும் கடைக்காரருக்கும் பிழைப்பு. அவர்களில் தமிழரும் ஏராளம். ஆகவே யாரும் வரவேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், விடுதியில் நீச்சல் குளம் நிரம்பியிருக்க, அதே விடுதியில் வேலை செய்பவர் வீட்டில் குடம் காலியாக இருப்பது நெடுநாள் நடக்கக் கூடியதல்ல.

கரையும் அசைக்க முடியாததல்ல. 2004 டிசம்பர் 26-ந் தேதி நில நடுக்கத்தில் இந்நகரைச் சுற்றியுள்ள நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்களில் கடல் நீர் புகுந்து தங்கிவிட்டது. கச்சல் தீவு சுனாமியில் சொல்லொணா அழிவைக் கண்டது. அதற்கு முன்பே, 2002-ல், கட்டடங்களுக்காகக் கடற்கரை மணலை அள்ளுவதைப் படிப்படியாக நிறுத்தச் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருந்தது. மணலை அள்ளினால் கரை போகும். காட்டை அழித்தால் ஓடை போகும். அந்தமானில் இது பாடப் புத்தகச் செய்தி அல்ல, கண்முன் நடக்கும் காரியம்.

புதிய விடுதிகள் ஒவ்வொன்றும் தன் கூரையில் விழும் மழையைத் தானே சேமிக்க வேண்டும். பயன்படுத்திய நீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விட வேண்டும். மழைக் காலத்தில் வீணாகும் ஓடை நீரைத் தேக்கச் சிறு அணைகள் பெருக வேண்டும். இவை நடந்தால் விருந்தினரும் வரலாம், வீட்டாரும் நிம்மதியாக இருக்கலாம்.

பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு அந்தமான் போக எண்ணும் வாசகர்கள் தாராளமாகப் போய் வரலாம். சிறையைக் காணுங்கள், கார்பின்ஸ் கோவில் கால் நனையுங்கள், பங்குனி உத்திரமாக இருந்தால் காவடியையும் கண்டு வணங்குங்கள். விடுதி அறையில் குழாயைத் திறக்கும்போது மட்டும், அந்தத் தண்ணீர் அடுத்த தெருவிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் மறுநாள் சமையலுக்கும் சேர்ந்த தண்ணீர் என்பதை நினைவில் வைத்தால் போதும்.