துபாய் காரும் சிவகாசி ரோடும்

"அக்கா, துபாயிலே ஓட்டுற காரையே இவுக கப்பல்லே கொண்டுட்டு வரப் போறாகளாம்!" என்று பூரித்தாள் என் சிவகாசித் தோழி. ஆசை நியாயம்தான். ஆனால் கப்பலில் ஏற்றுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் பட்டாசு லாரியை முந்தும்போது எதிரே வருவது ஓட்டுகிறவர் கண்ணில் சரியாகப் படாது. பக்கத்தில் உட்காரும் நாம் இறங்குவதும் வண்டிகள் பாய்கிற பக்கத்தில்தான்!

பழைய காரை இறக்குமதி செய்ய, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேகம் காட்டும் மீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும். முன்விளக்கின் ஒளியும் இடப்புறமாகச் செல்லும் நம் போக்குவரத்துக்கு ஏற்றபடி விழ வேண்டும்.

பக்கத்திலேயே தூத்துக்குடி இருந்தாலும் மும்பைத் துறைமுகத்தில்தான் இறக்கலாம். சுங்க வரியோ காரின் விலையையே மிஞ்சிவிடும்! புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை நிலையத்தின் சான்றிதழும் வேண்டும். பிறகுதான் ஆர்.டி.ஓ. பதிவு, சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம்.

கணக்குப் போட்ட தோழி அன்றிரவே போனில் சொல்லிவிட்டாள்: "காரை அங்கேயே வித்துட்டு வாங்க. இங்கே ஒண்ணு வாங்கிக்கலாம். மிச்சத்தைப் பாப்பா பேரிலே போட்டு வைப்போம்."

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால், முதலில் கேளுங்கள்: "ஸ்டியரிங் எந்தப் பக்கம்?"